தொடுதிரையில உரையோட நூல் வாசிக்க வைக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில இருந்து நாங்க மூண்டு பேர், பழைய தமிழ் நூல்கள உரை, அருஞ்சொல் விளக்கம், ஏட்டுப் படம் எல்லாத்தோடயும் போன்லயும் டெப்லயும் வாசிக்கிற மாதிரி செய்துகொண்டு வாறம். கெம்பஸ் பிள்ளைகள், லைப்ரரியில வேலை செய்யிற ஆக்கள், ஆப் எழுதுற தம்பிமார் எண்டு கனபேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியளத்தான் கேக்கினம், அதால எல்லாத்துக்கும் பதில ஒரு இடத்தில எழுதி வைக்கிறன். டிசைன் படிச்ச ஆக்களுக்கு சில விசயம் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், தமிழ் எழுத்தாலயும் தமிழ் உரை மரபாலயும் வாற சிக்கல்கள்ல கொஞ்சம் கூட நேரம் நிக்கிறன்.

குறிப்போட இருக்கிற டிஜிட்டல் ஆவணம் எண்டு எதச் சொல்லுறீங்க?

ஒரு மூலம் இருக்கும், அதின்ட ஏதோ ஒரு இடத்தில ஒட்டிக்கொண்டு இன்னொரு பேச்சு இருக்கும். குறளுக்குப் பரிமேலழகர் உரை, ஒரு சட்டப் பிரிவுக்குப் பிறகு வந்த திருத்தம், ஏட்டுப் படத்துக்குப் பக்கத்தில அத வாசிச்சு எழுதின பாடம், பழைய பத்திரிகைச் செய்தியில வாற ஆளப் பற்றி ரெண்டு வரி, எல்லாம் இந்த வகைதான். எங்கட ஆக்களுக்கு இது புதுசே இல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு மட்டும் இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர் எண்டு அஞ்சு பேர்ட உரை இருக்கு. சிறுப்பிட்டியில பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1868ல சேனாவரையர் உரைய அச்சில கொண்டுவந்தார், நல்லூர் ஆறுமுக நாவலர் அதுக்கு முதலே பரிமேலழகர் உரையப் பதிப்பிச்சிட்டார். மூலம், அதுக்குக் கீழ உரை, உரைக்குள்ள மேற்கோள் எண்டு ஒரு ஒழுங்கு எப்பவோ வந்திட்டுது, அந்த ஒழுங்கக் கண்ணாடித் திரைக்குக் கொண்டுவாறதுதான் எங்கட வேலை.

ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் போதாதா?

பாதுகாக்கிறதுக்குப் போதும், அதுவும் பெரிய வேலை. 2005ல இருந்து நூலகம் திட்டத்து ஆக்கள் ஈழத்து நூல்கள ஸ்கேன் பண்ணிப் போட்டிராட்டி எங்களுக்குத் தொடங்கவே கையில ஒண்டும் இருந்திராது. ஆனா ஆறங்குலப் போன்ல பிடிஎஃப் பக்கத்த வாசிக்கிறது எண்டா, வரி முழுக்கத் தெரியிற மாதிரி வச்சா எழுத்து விளங்காது, எழுத்து விளங்கிற மாதிரிப் பெருப்பிச்சா ஒவ்வொரு வரிக்கும் இடமிருந்து வலம் இழுத்து இழுத்துப் போகோணும், அடிக்குறிப்பு பக்கத்தின்ட அடியில கிடக்கும், நூலிறுதிக் குறிப்பெண்டா 200 பக்கம் தள்ளி. போய் வாசிச்சிட்டுத் திரும்பி வாறதுக்குள்ள எந்தச் சொல்லுக்காகப் போனம் எண்டே மறந்துபோகும்.

டிசைன் தொடங்கேக்க முதலாவதா எத மனசில வைக்கிறது?

வாசிக்கிற ஆள் தன்ட வரிய விடக்கூடாது. எங்கட மேசைக்கு மேல சுவரில ஒட்டி வச்சிருக்கிறது இந்த ஒரு வசனம்தான், கீழ வாற பதில் முக்காவாசியும் இதில இருந்துதான் வருது.

இது எங்களுக்கு ஒரு ஐயா படிப்பிச்சது. ரிட்டயரான தமிழ் வாத்தியார், எண்பது வயசுக்குக் கிட்ட இருக்கும், எங்கட முதல் வேர்ஷன அவர்ட வீட்டு விறாந்தையில வச்சுக் குடுத்துப் பாத்தம். குறள்ல ஒரு சொல்லத் தட்டினார், கீழ இருந்து உரை வழுக்கிக்கொண்டு எழும்பி வந்து அரைவாசி ஸ்கிரீன மூடிச்சு, எங்களுக்கு அது நல்ல வடிவாத்தான் தெரிஞ்சது. அவர் கண்ணாடியக் கழட்டி சாரத்து நுனியில துடைச்சுப் போட்டுக்கொண்டு திரும்பவும் பாத்தார், பிறகு கேட்டார், "பிள்ளை, உரை வந்திட்டுது, குறள் எங்க போட்டுது?" அவர் தட்டின சொல் ஸ்கிரீன்ட கீழ்ப்பாதியில இருந்திருக்கு, உரை அதுக்கு மேலயே வந்து குந்திட்டுது. குறளக் காணாம உரைய வாசிச்சு என்ன பிரயோசனம்? அண்டைக்குப் பின்னேரமே அந்த ஸ்கிரீன விட்டுட்டுப் புதுசாத் தொடங்கினம்.

அப்ப உரைய எங்கதான் திறக்கிறது?

உரைன்ட நீளத்தப் பொறுத்தது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் கருத்தெண்டா அந்தச் சொல்லுக்குக் கிட்டயே ஒரு சின்னப் பெட்டி போதும், ஆனா அது விரலுக்கு மேல்பக்கம் திறக்கோணும், ஏனெண்டா விரலுக்குக் கீழ உள்ள இடத்தக் கை மறைச்சுக்கொண்டு நிக்கும். ஐபோன்ல எழுத்தத் தெரிவு செய்யேக்க வாற பூதக்கண்ணாடி விரலுக்கு மேல வாறதும் இதாலதான்.

பத்து வரி உரையெண்டா போன்ல கீழ இருந்து எழும்புற ஷீட் நல்லம், மூண்டில ஒரு பங்கு உயரத்தோட தொடங்கட்டும், வேணுமெண்டா ஆள் மேல இழுத்துக்கொள்ளும். ஆனா ஷீட் எழும்ப முதல் ஒரு கணக்குப் பாக்கோணும்: தட்டின வரி மூடுப்படப் போகுதா? மூடுப்படுமெண்டா அந்த வரி ஷீட்டுக்கு மேல தெரியிற அளவுக்கு மட்டும் மூலத்த மேல நகத்தோணும், ஒரு வரி கூட நகத்தக் கூடாது, ஷீட்ட மூடினாப் பிறகு பழைய இடத்திலயே கொண்டுபோய் விடோணும். உரை திறந்திருக்கிற நேரம் முழுக்க அந்தச் சொல்லுக்குப் பின்னால ஒரு மெல்லிய நிறம் நிக்கட்டும், கண் உரைக்கும் மூலத்துக்கும் போய்ப்போய் வரேக்க பிடிச்சுக்கொள்ள ஒரு இடம் வேணும்.

டெப்ப அகலவாட்டில பிடிச்சா பக்கத்தில ஒரு பனல் வைக்கலாம். இங்க கனபேர் விடுற பிழை என்னெண்டா, பனல் திறக்கேக்க மூலத்தின்ட அகலம் சுருங்கி வரியெல்லாம் திரும்ப உடைஞ்சு, மூண்டாம் வரியில இருந்த சொல் அஞ்சாம் வரிக்குப் போகும். ஆள் தேடித் திரியும். அந்தப் பக்கத்து இடத்தத் தொடக்கத்திலயே வெறுமையா விட்டு வச்சிட்டா இந்தப் பிரச்சினை வராது, அச்சுப் புத்தகத்தில ஓரம் விடுறது போல. அதோட, பின்போற பொத்தான அமத்தினா முதல் உரைதான் மூடோணும். நூல விட்டே வெளிய கொண்டுபோற ஆப் இன்னும் இருக்கு, அது வாசிக்கிற ஆளுக்குச் செய்யிற அநியாயம்.

எழுத்து சின்னன், விரல் பெருசு. என்ன செய்யிறது?

ஆப்பிள் தட்டுற இடம் குறைஞ்சது 44 பொயின்ட் இருக்கோணும் எண்டு சொல்லுது, கூகிள் 48 டிபி எண்டுது (ரெண்டும் அவையவையின்ட திரை அலகு), 48 டிபி கையில கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். வெப் எல்லாரும் பாவிக்கக் கூடியதா இருக்கோணும் எண்டு வகுத்த விதிகள், டபிள்யூசிஏஜி, அதின்ட 2023 ஒக்டோபர்ல வந்த 2.2 பதிப்பு, நடுத்தரமான ஏஏ தரத்துக்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் (வெப் பக்கத்து அலகு) எண்டு வச்சிருக்கு, ஆனா வசனத்துக்குள்ள ஓடுற லிங்குக்கு அதில விலக்கு குடுத்திருக்கு. அந்த விலக்கப் பிடிச்சுக்கொண்டு சொல்லுக்கு மேல எறும்பளவில ஒரு 3 போட்டுட்டு விடுற ஆக்கள் இருக்கினம், தயவுசெய்து அப்பிடிச் செய்யாதீங்க. அச்சில அந்த இலக்கத்தக் கண் மட்டும் பாத்தாப் போதும், இங்க கை போய்த் தொடோணும். இலக்கு சின்னனாக ஆக, தூரம் கூடக் கூட, போய்ச் சேர எடுக்கிற நேரம் கூடும் எண்டு போல் ஃபிட்ஸ் எண்ட உளவியலாளர் 1954லயே காட்டிட்டார்.

நாங்க செய்யிறது, இலக்கத்த எடுத்துட்டு சொல் முழுக்கத் தட்டுற இடமா வைக்கிறது, அதோட விரல் பட்ட புள்ளியச் சுத்திப் பாத்து ஆகக் கிட்ட இருக்கிற குறிப்ப எடுக்கிறது. ரெண்டு குறிப்பு கிட்டத்தட்ட ஒரே தூரத்தில இருந்தா ஊகிக்க வேண்டாம், ரெண்டு சொல்லையும் ரெண்டு பெரிய பொத்தானாக் காட்டி எது எண்டு கேளுங்க, ஒரு தட்டு கூடினாலும் பிழையான உரையத் திறந்து மூடிறதவிட அது கெதி. வரி இடைவெளிய எழுத்தளவப் போல 1.7 மடங்குக்குக் கிட்ட வைங்க. தமிழ்ல ி, ீ மேல எழும்பும், ு, ூ கீழ இறங்கும், இங்கிலீஷுக்குப் பாத்து வச்ச இடைவெளியில வரியும் வரியும் முட்டும், விரலும் பக்கத்து வரியில விழும்.

மவுஸ் மேல கொண்டுபோனா விளக்கம் வாற மாதிரி தொடுதிரையில செய்யலாமா?

ஏலாது. தொடாத விரல் எங்க இருக்கெண்டு சாதாரண போனுக்குத் தெரியாது. அதால எதில குறிப்பு இருக்கெண்டு தட்ட முதலே கண்ணுக்குத் தெரியோணும், மெல்லிய புள்ளிக்கோடு ஒண்டு போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் குறிப்பு இருக்கிற பாட்டெண்டா ஒண்டுக்கும் கோடு போட வேண்டாம், பக்கம் முழுக்கக் கோடா நிண்டா செய்யுள் செய்யுளாத் தெரியாது. "எந்தச் சொல்லையும் தட்டலாம்" எண்டு முதல் தடவை மட்டும் ஒரு வரி காட்டிட்டு விடுங்க.

அஞ்சு உரையாசிரியர் இருந்தா அஞ்சு பேரையும் ஒரே ஸ்கிரீன்ல காட்டுறதா?

வேண்டாம். ஆராய்ச்சி செய்யிற ஆக்கள்தான் இதக் கூடக் கேக்கினம், அவையின்ட ஆசை எனக்கு விளங்குது, ஆனா அவையும் ஒரு நேரத்தில ரெண்டு பேரத்தான் ஒப்பிட்டு வாசிக்கினம் எண்டு பக்கத்தில இருந்து பாத்திருக்கிறம். ஒருத்தர்ட உரை திறக்கட்டும், மத்த ஆக்கள்ட பேர் மேல வரிசையா நிக்கட்டும், பேரத் தட்டினா அதே இடத்துக்கு அவர் சொன்னது வரோணும், அதிகாரத்தின்ட தொடக்கத்துக்குப் போகக் கூடாது. ஒருத்தர் அந்த இடத்துக்கு ஒண்டும் சொல்லேல்லயெண்டா பேர் மங்கலா நிக்கட்டும், எடுத்துப்போட வேண்டாம், ஏனெண்டா அவர் ஒண்டும் சொல்லாததும் ஒரு செய்தி.

ஆழத்துக்கு எங்கட மரபிலயே பேர் வச்சிருக்கினம்: பதவுரை, பொழிப்புரை, விரிவுரை. ஆங்கிலத்தில எழுதின டிசைன் புத்தகம் எல்லாம் கொஞ்சங் கொஞ்சமாத் திறக்கச் சொல்லுறதும் இதத்தான். முதல் தட்டில பதவுரை, கீழ பொழிப்புரை பாதி தெரிய, மிச்சத்துக்கு இழுக்கிறது. ஏ/எல் பிள்ளைக்குப் பொழிப்புரையோட அலுவல் முடியும், வாத்தியாருக்கு விரிவுரை வேணும், ரெண்டு பேரும் ஒரே ஸ்கிரீனத்தான் பாவிக்கினம். 'ஆரம்பநிலை', 'மேல்நிலை' எண்டு பட்டன் போட்டு ஆக்களப் பிரிக்கிறத நான் விரும்பேல்ல.

சந்தியில சேந்து நிக்கிற சொல்ல எப்பிடித் தட்டுறது?

இதுதான் தமிழுக்கெண்டே வாற சிக்கல். 'எழுத்தெல்லாம்' எண்டு ஒரு துண்டா நிக்கும், குறிப்பு ஒண்டு 'எழுத்து'க்கு, இன்னொண்டு 'எல்லாம்'க்கு. நடுவில இருக்கிற 'தெ' ரெண்டு பேருக்கும் சொந்தம், அத வெட்ட ஏலாது. விரலால அரைச்சொல்லத் தட்டு எண்டு ஆரையும் கேக்கவும் ஏலாது. அதால முழுத் துண்டையும் ஒரே இலக்கா எடுத்து, திறக்கிற பெட்டியின்ட முதல் வரியில 'எழுத்து', 'எல்லாம்' எண்டு பிரிச்சு ரெண்டு பெரிய பொத்தானா வைக்கிறம். செய்யுள அதின்ட சீரிலயே விட்டுடோணும், ஓசை அதிலதான் இருக்கு. பிரிச்ச வடிவம் வேண்டிய ஆளுக்கு ஒரு தட்டில முழுப் பாட்டும் பிரிஞ்சு தெரியட்டும், இன்னொரு தட்டில திரும்பச் சேரட்டும், ஆனா அப்பவும் அடிக்கு அடி அதே உயரத்தில நிக்கோணும்.

நீட்டி அமத்தி எழுத்தத் தெரிவு செய்யேக்க ஏன் தமிழ்ல குழம்புது?

ஏனெண்டா எங்களுக்கு எழுத்தாத் தெரியிறது கம்பியூட்டருக்கு எழுத்து இல்ல. 'கொழும்பு' எண்ட பேர எடுங்க. எங்களுக்கு நாலு எழுத்து: கொ, ழு, ம், பு. கம்பியூட்டர்கள் எழுத்துக்குப் பாவிக்கிற பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட்டில அது எட்டுக் குறியீடு. 'கொ'வில இருக்கிற கொம்பையும் காலையும் தனித்தனியா அடிச்ச பழைய கோப்பெண்டா ஒன்பது. திரையில ரெண்டும் அச்சொட்டா ஒரே மாதிரித் தெரியும். ஒரு ஆள் 'கொழும்பு'வத் தெரிவு செய்து குறிப்பெழுதுது, நீங்க "0 தொடக்கம் 8 வரை" எண்டு சேமிக்கிறீங்க, பிறகு இன்னொரு கோப்பில திறக்கேக்க கடைசி உகரம் வெளியில நிண்டு 'கொழும்ப'வுக்குத்தான் நிறம் விழும். சிலவேளை ஒற்றைக் கொம்பு மட்டும் வட்டத்தோட தனிய நிண்டு அந்தரிக்கும். முதல் தடவை அதக் கண்டப்ப எனக்கு மனசு கேக்கேல்ல, எங்கட ஊர்ப் பேரயே ஒழுங்கா நிறம் பூச முடியாத ஒண்ட ஆருக்குக் குடுக்கிறது?

மருந்து இருக்கு. உள்ள வாற எல்லா எழுத்தையும் முதல் வேலையா என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிஞ்சு நிக்கிற கொம்பையும் காலையும் ஒரே குறியீடாச் சேக்கிற யூனிகோட் ஒழுங்கு) மாத்துங்க, அப்ப ஒன்பது எட்டாகும். எண்ணிக்கைய எழுத்துக் கொத்துக் கணக்கில, அதாவது கண்ணுக்கு ஒரு எழுத்தாத் தெரியிறத ஒண்டா எண்ணி வைங்க, இப்பத்த பிரவுசர்கள்ல அப்பிடிப் பிரிச்சுத் தரவெண்டே செக்மென்டர் எண்டு ஒரு கருவி இருக்கு. தெரிவுப் பிடி எழுத்துக்கு நடுவில நிக்காம எழுத்தின்ட விளிம்பில போய் ஒட்டோணும், பெரும்பாலும் சொல்லின்ட விளிம்பில ஒட்டினா இன்னும் நல்லம். இன்னொண்டு, நீட்டி அமத்துறதுக்கு அரை செகண்ட் கிட்டப் போகும், அதுக்குள்ள போன்ட சொந்த கொப்பி மெனுவும் வந்து குறுக்க நிக்கும். அதால உரை திறக்கிறதுக்கு ஒரு சின்னத் தட்டு, ஆள் தானா ஏதும் எழுதிறதுக்கு மட்டும் நீட்டி அமத்துறது எண்டு பிரிச்சு வைங்க.

நூல்ல ஒரு எழுத்துப்பிழை திருத்தினா குறிப்பெல்லாம் இடம் மாறிப் போகுமே?

போகும், எண்ணிக்கைய மட்டும் நம்பினா. வெப்புக்குப் பொதுத் தரங்கள வகுக்கிற டபிள்யூ த்ரீ சி அமைப்பு 2017 பெப்ரவரியில வெப் அனொட்டேஷன் எண்டு ஒரு தரம் வெளியிட்டிருக்கு, அதில குறிப்பு வேற, அது ஒட்டுற இடம் வேற எண்டு பிரிச்சு வச்சிருக்கினம். இடத்த ரெண்டு விதமாச் சொல்லலாம்: எத்தினையாம் எழுத்தில இருந்து எத்தினையாம் எழுத்து வரை எண்டு ஒண்டு, அந்தச் சொல்லையே எழுதி அதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் வாற கொஞ்ச எழுத்தையும் சேத்துச் சொல்லுறது மற்றது. ரெண்டையும் சேமியுங்க. முதலாவது பிழைச்சா ரெண்டாவதால தேடிப் பிடிக்கலாம், அதுவும் பிழைச்சா குறிப்ப அழிக்காம "இடம் தவறிய குறிப்புகள்" எண்டு ஒரு பக்கத்தில வைங்க. ஒரு ஆள் இருந்து யோசிச்சு எழுதினத சொல்லாமக் கொள்ளாம மறைய விடக்கூடாது.

பழைய குறிப்பெல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில இருக்கு. என்ன செய்ய?

முதல் யூனிகோட்டுக்கு மாத்தோணும், வேற வழி இல்ல. பாமினிக் கோப்புக்குள்ள இருக்கிறது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு போட்டாத்தான் தமிழாத் தெரியும், அதில தேடவும் ஏலாது குறிப்பு ஒட்டவும் ஏலாது. மாத்துற கருவிகள் இருக்கு, ஆனா நடுவில ஆங்கிலச் சொல் வாற இடமெல்லாம் அதையும் தமிழாக்கிப்போடும், ஒருத்தர் இருந்து பாத்துத் திருத்தோணும்.

ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படங்களுக்கு?

இதுதான் எனக்கு ஆக விருப்பமான பகுதி. பெரிய படத்த அப்பிடியே இறக்கினா போன் திணறும், அதால படத்த பல அளவில சின்னச் சதுரமா வெட்டி வச்சு, பாக்கிற துண்ட மட்டும் இறக்கிற முறை இருக்கு. ட்ரிபிள் ஐ எஃப் எண்டு உலகம் முழுக்க லைப்ரரிகளும் மியூசியங்களும் பாவிக்கிற பொது ஒழுங்கு இதுக்கு உதவும், திரையில காட்ட ஓப்பன்சீட்ராகன், குறிப்போட வேணுமெண்டா மிராடோர், ரெண்டும் இலவசம்.

ஓலை நீளமா ஒடுங்கலா இருக்கும், போன நெடுக்காப் பிடிச்சா ஒரு கயிறு மாதிரித்தான் தெரியும். அதால உயரத்துக்குப் பொருத்தித் திறந்து பக்கவாட்டில தள்ளிப் போக விடுங்க, எந்த இடத்தில நிக்கிறம் எண்டு காட்ட மேல முழு ஓலையும் சின்னதா நிக்கட்டும். குறிப்பு இருக்கிற இடத்துப் புள்ளி, படத்தப் பெருப்பிக்கேக்க தானும் பெருக்கக் கூடாது, எழுத்த மூடிப்போடும். முக்கியமா, ஏட்டில மெய்யெழுத்துக்குப் புள்ளி வராது, எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி, காலும் ரகரமும் ஒரே மாதிரி. அப்ப பக்கத்தில நாங்க எழுதி வச்சிருக்கிற பாடமே ஒரு தீர்மானம்தான். எழுத்தத் தட்டினா "இப்பிடி வாசிச்சம், இப்பிடியும் வாசிக்கலாம்" எண்டு ரெண்டும் வரோணும், வாசிக்கிற ஆள் படத்தப் பாத்துத் தானா முடிவெடுக்கட்டும்.

கல்வெட்டுக்கு ஒரு உதாரணம் கொழும்பு மியூசியத்திலயே நிக்குது. 1911ல காலியில கண்டெடுத்த மும்மொழிக் கல், சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹெ கொண்டுவந்தது, 1409ம் ஆண்டுத் திகதி, சீனம், தமிழ், பாரசீகம் எண்டு மூண்டு மொழி. இதுக்கு ஸ்கிரீன் வரையச் சொன்னா எல்லாரும் முதல் செய்யிறது மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு வரிக்கு வரி இணைக்கிறது, ஒரு வரியத் தட்டினா மற்ற ரெண்டிலயும் அதே வரி மினுங்கும். நாங்களும் பேப்பர்ல முதல் அப்பிடித்தான் கீறினம். ஆனா அந்த மூண்டும் ஒண்டுக்கொண்டு மொழிபெயர்ப்பே இல்ல: சீனப் பகுதி புத்தரப் போற்றுது, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் எண்ட இந்துத் தெய்வத்த, பாரசீகப் பகுதி இஸ்லாத்த. ஒத்துப் போறது குடுத்த காணிக்கைப் பட்டியல்தான், பொன், வெள்ளி, பட்டு எண்டு. பாரசீகம் கனக்கத் தேஞ்சும் போச்சு. அந்த இணைப்ப வச்சிருந்தா திரை பொய் சொல்லியிருக்கும். இப்ப எங்கட வரைபில, காணிக்கையில ஒரு பொருளத் தட்டினா மட்டும் மற்ற மொழியில அதே பொருள் தெரியும், வாழ்த்துப் பகுதிகள் தனித்தனியா நிக்கும், தேஞ்ச இடம் தேஞ்ச இடமாவே தெரியும்.

பக்கத்தில இழுத்தா குறிப்பு வாற மாதிரி வைக்கலாமா?

ஓரத்தில இருந்து இழுக்கிறத வைக்க வேண்டாம். ஐபோன்ல இடது ஓரம் பின்போறதுக்கு, ஆண்ட்ரொய்ட் 10ல இருந்து ரெண்டு ஓரமும் பின்போறதுக்கு. எந்தச் சைகையா இருந்தாலும் அதே வேலையச் செய்ய ஒரு பொத்தானும் இருக்கட்டும், ரெண்டு விரலால விரிக்கிறதுக்குக் கூட. ஸ்டீவன் ஹூபர் எண்ட டிசைன் ஆராய்ச்சியாளர் 2013ல தெருவில, பஸ்ஸில 1333 பேர் போன் பாவிக்கிறதக் கவனிச்சவர், அதில திரையத் தொட்டுப் பாவிச்ச ஆக்கள்ல 49 வீதம் ஒரு கையால. காலி வீதியில 100ம் நம்பர் பஸ்ஸில நிண்டுகொண்டு ஒரு கையால கம்பியப் பிடிச்சிருக்கிற பிள்ளைக்குப் பெருவிரல் ஒண்டுதான் மிச்சம், அந்த ஒரு விரலால எல்லாம் ஏலோணும்.

மியூசியத்திலயோ லைப்ரரியிலயோ வைக்கிற பெரிய திரைக்கும் இதே விதிதானா?

கொஞ்சம் மாறும். வாற ஆள் ரெண்டு நிமிசம்தான் நிக்கும், நீட்டி அமத்துறதெல்லாம் ஆரும் கண்டுபிடிக்க மாட்டினம், தட்டுறது மட்டும் போதும். பொத்தான்கள ஸ்கிரீன்ட மேல் ஓரத்தில வைக்காதீங்க, பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில வாற ஆக்களுக்கும் எட்டாது. எங்கட ஊர் வேர்வைக்கும் மழைத்துளிக்கும் திரை தானா தட்டுப்பட்ட மாதிரி நடக்கும், ஏனெண்டா அது விரல்ட மின்தன்மையத்தான் பிடிக்குது, தண்ணியும் அதையே செய்யும், அதால பக்கத்தில துடைக்க ஒரு துணி தொங்கட்டும். ஒருத்தரும் தொடாட்டி ஒரு நிமிசத்தில முதல் பக்கத்துக்குப் போற மாதிரி எல்லாரும் வைக்கினம், ஆனா நீளமான உரைய வாசிக்கிற ஆளும் திரையத் தொடாது. நான் ஒரு இடத்தில நிண்டு வாசிக்கேக்க கடைசி ரெண்டு வரியில திரை மாறிட்டுது. "இன்னும் வாசிக்கிறீங்களா?" எண்டு கேட்டுட்டு மாத்துறதுக்கு எவ்வளவு வேலை?

வாசிக்கிற ஆக்கள் தாங்களும் குறிப்பெழுதலாமா?

எழுதோணும், கொப்பியில எழுதிற பழக்கம் உள்ள பிள்ளைகள். ஆனா அறிஞர்ட உரையும் பிள்ளைன்ட குறிப்பும் ஒரே மாதிரித் தெரியக் கூடாது, நிறத்தால மட்டும் பிரிச்சா நிறம் வித்தியாசம் தெரியாத ஆக்களுக்கு விளங்காது, கோட்டின்ட வடிவத்தையும் மாத்துங்க. சொல்லாட்டி அந்தரங்கமாவே இருக்கட்டும், பகிர விரும்பினாத்தான் பகிரட்டும், வெளிய எடுத்துக்கொண்டு போகவும் வழி வைங்க.

கனெக்ஷன் இல்லாட்டி?

உரைய முதலே இறக்கி வைங்க. யூனிகோட் எழுத்தச் சேமிக்கிற வழக்கமான முறையான யூடிஎஃப்-8ல தமிழ்க் குறியீடு ஒண்டுக்கு மூண்டு பைட், ஒரு லட்சம் சொல் உள்ள உரை கூட மூண்டு எம்பி அளவுதான் வரும், ஒரு போட்டோன்ட பருமன். தட்டினா 0.1 செகண்டுக்குள்ள ஏதாவது அசைஞ்சா அது உடன நடந்த மாதிரித் தெரியும், ஒரு செகண்டுக்கு மேல போனா யோசனை அறும். நெட்ல போய் எடுத்துக்கொண்டு வந்தா அந்த 0.1 ஒரு நாளும் கிடைக்காது.

பார்வை இல்லாத ஆக்களுக்கு இது வேலை செய்யுமா?

செய்ய வைக்கலாம். திரையில இருக்கிறதச் சத்தமா வாசிச்சுக் காட்டுற டோக்பேக்கும் (ஆண்ட்ரொய்ட்) வொய்ஸ்ஓவரும் (ஐபோன்) வாசிக்கேக்க வசனத்துக்கு நடுவில "மூன்று, இணைப்பு" எண்டு சொல்லி செய்யுள உடைக்கும். மூலத்த முதல் ஒரே மூச்சில வாசிக்க விட்டு, அடி முடிஞ்சாப் பிறகு "இரண்டு குறிப்பு உண்டு" எண்டு சொல்ல வைங்க. உரைய மூடினா கவனம் அது திறந்த சொல்லுக்கே திரும்பி வரோணும், காதால வாசிக்கிற ஆளுக்கும் வரி வரிதான்.

செய்து முடிச்சாப் பிறகு எப்பிடி டெஸ்ட் பண்ணுறது?

முடிக்க முதலே பண்ணுங்க. பேப்பர்ல ஸ்கிரீனக் கீறி, உரையத் தனிக் கடுதாசியில வெட்டி, ஆள் தட்டேக்க நீங்க கையால கொண்டுவந்து வைங்க, குறள் எங்க போட்டுது எண்ட கேள்வி அங்கயே வந்திருக்கும். பிறகு அஞ்சு பேர் போதும், ஆனா அஞ்சும் ஒரே மாதிரி ஆக்களா இருக்கக் கூடாது: ஒரு ஏ/எல் பிள்ளை, ஒரு வாத்தியார், கண்ணாடி போட்ட அம்மா ஒராள், தமிழ் கதைக்கத் தெரிஞ்சு வாசிக்கக் கஷ்டப்படுற கொழும்புப் பிள்ளை ஒண்டு, கை நடுங்கிற வயசான ஆள் ஒருத்தர். ஆண்ட்ரொய்ட்ல டெவலப்பர் செட்டிங்குக்குள்ள தட்டுற இடத்தக் காட்டுற வசதி இருக்கு, அத ஓன் பண்ணி ஸ்கிரீன ரெக்கோர்ட் பண்ணுங்க. வட்டம் எங்க விழுது, சொல் எங்க நிக்குது எண்டு ஒவ்வொரு தட்டாப் பாருங்க, கனபேருக்கு வட்டம் சொல்லுக்குக் கொஞ்சம் கீழதான் விழும், அதுக்கேத்த மாதிரி தட்டுற இடத்தக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் நீட்டி விடலாம். நாங்க அப்பிடி நீட்டிப்போட்டு அந்த ஐயாட்டத் திரும்பக் கொண்டுபோனம். நாலு குறள் வாசிச்சார், ஒவ்வொண்டிலயும் ரெண்டு மூண்டு சொல்லத் தட்டினார், எங்களோட ஒண்டும் கதைக்கேல்ல, அஞ்சாவது குறளுக்குப் போயிட்டார்.